ஆண்டுக்கொரு குடு, ஆயுளுக்கொரு எருமை

தென்னாப்பிரிக்காவில் வேட்டைத் துப்பாக்கி வாங்குவது நாள்பட்ட காரியம். 2000-ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, முதலில் பயிற்சி முடித்துத் தேர்வு எழுதித் தகுதிச் சான்று பெற வேண்டும். வீட்டில் சுவரோடு பூட்டிய இரும்புப் பெட்டகம் இருக்க வேண்டும். ஒவ்வொரு துப்பாக்கிக்கும் தனித்தனி விண்ணப்பம். இது எதற்கு வேண்டும் என்று காவல்துறைக்குக் காரணம் எழுதித் தர வேண்டும். உரிமம் வர மாதங்கள் ஆகும். எப்போதாவது வேட்டைக்குப் போகிற சாதாரண ஆளின் பெயரில் நான்கு துப்பாக்கிகளுக்கு மேல் இருக்க முடியாது. அதனால் முதல் ரைபிள் எது என்ற கேள்வியை அங்கே யாரும் லேசாக எடுத்துக்கொள்வதில்லை.

டர்பனில் வசிக்கும் என் நண்பர் அந்தக் கேள்வியோடுதான் வடக்கே லிம்போபோ மாகாணத்துக்குக் கிளம்பினார். நானும் காரில் ஏறிக்கொண்டேன். அவருடைய பூட்டனார் கரும்புத் தோட்ட ஒப்பந்தக் கூலியாகச் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறியவர். நண்பருக்குத் தமிழில் எஞ்சியிருப்பவை உறவுப் பெயர்களும் சாப்பாட்டுப் பெயர்களும் கோயில் பாட்டுகளும்தான். என்னை 'அண்ணா' என்றுதான் கூப்பிடுவார். பல குளிர்காலங்களாக மற்றவர்களின் துப்பாக்கியோடு வேட்டைக்குப் போய்ப் பழகியவர், இப்போது சொந்தமாக ஒன்று வேண்டும் என்கிறார். ஒன்றே ஒன்று. இம்பாலா மான் முதல் குடு மான் வரை அதிலேயே சுட வேண்டும், என்றாவது ஒருநாள் கேப் எருமையையும் அதிலேயே சுட வேண்டும் என்பது அவர் கனவு.

என்3 நெடுஞ்சாலை டர்பனிலிருந்து மெல்ல மெல்ல ஏறுகிறது. கரும்பு முடிந்து, காகித ஆலைகளுக்காக வளர்க்கும் யூகலிப்டஸ் தோப்புகள் முடிந்து, குளிர்காலத்தில் வைக்கோல் நிறமாகிவிட்ட புல்வெளி தொடங்குகிறது. மேற்கே டிராகன்ஸ்பெர்க் மலைத்தொடர் நீலக் கோடாகக் கூடவே வருகிறது. நெடுஞ்சாலையை விட்டு விலகி துகேலா ஆற்றங்கரையில் இருக்கும் கோலென்சோ என்ற சிற்றூருக்குப் போவோம் என்று நான்தான் கேட்டேன். துப்பாக்கி தேர்ந்தெடுக்கப் போகிறவர் பார்க்க வேண்டிய இடம் அது.

1899 டிசம்பர் 15-ஆம் தேதி இந்த ஆற்றைக் கடக்க முயன்ற பிரிட்டிஷ் படையை, எதிர்க்கரையில் பதுங்கியிருந்த, டச்சு வழிவந்த போயர் விவசாயிகள் அடித்துத் திருப்பினார்கள். அவர்கள் கையில் இருந்தவை ஜெர்மனியில் செய்த மவுசர் ரைபிள்கள். போயர்களின் டிரான்ஸ்வால் அரசு போருக்கு முன்பே முப்பதாயிரத்துக்கும் மேல் வாங்கி வைத்திருந்தது. குண்டின் விட்டம் 7 மில்லிமீட்டர், தோட்டா உறையின் நீளம் 57 மில்லிமீட்டர்; சுருக்கமாக 7×57. புகையில்லா வெடிமருந்து என்பதால் சுட்டவன் எங்கே இருக்கிறான் என்று எதிரிக்குத் தெரியாது. ஐந்து தோட்டாக்களை ஒரு தகட்டில் கோத்து ஒரே அழுத்தில் மேகசினுக்குள் இறக்கிவிடலாம். பிரிட்டிஷ் சிப்பாயோ ஒவ்வொன்றாகத்தான் நிரப்ப வேண்டியிருந்தது.

அந்தக் குண்டுகள் துளைத்தவர்களைத் தூக்கிச் சுமந்தவர்கள் நம்மவர்கள். காந்தி திரட்டிய இந்திய ஆம்புலன்ஸ் படையில் ஏறத்தாழ 1,100 பேர். பெரும்பாலோர் ஒப்பந்தக் கூலிகள். இந்தப் பகுதியான நேட்டாலுக்கு வந்த ஒப்பந்தக் கூலிகளில் பெரும்பகுதியினர் சென்னை வழியே வந்த தமிழரும் தெலுங்கரும் என்பதால், அந்தப் படையில் எந்த மொழிகள் பேசப்பட்டிருக்கும் என்பதை ஊகிக்கலாம். கோலென்சோவிலும், அடுத்த மாதம் ஸ்பியோன்கோப் மலையிலும், காயம்பட்டவர்களைத் தூக்குக்கட்டிலில் வைத்து ஒரே நாளில் இருபது, இருபத்தைந்து மைல் நடந்தார்கள். நண்பர் ஆற்றங்கரையில் வெகுநேரம் நின்றார். தன் குடும்பத்தில் யாராவது அந்தப் படையில் இருந்தார்களா என்று சொல்ல இப்போது ஒருவரும் உயிரோடு இல்லை என்றார்.

வான் ரீனென் கணவாயில் ஏறி, ஜோஹன்னஸ்பர்க்கையும் பிரிட்டோரியாவையும் தாண்டி, மொடிமொல்லே அருகே நெடுஞ்சாலையை விட்டு வாட்டர்பெர்க் மலைப்பகுதிக்குள் நுழைந்தபோது இருட்டிவிட்டது. இரண்டரை மீட்டர் உயரக் கம்பிவேலி சாலையின் இருபுறமும் கிலோமீட்டர் கணக்கில் ஓடுகிறது. 1991-ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று, இப்படி முறையாக வேலியிட்ட நிலத்தில் இருக்கும் காட்டு விலங்கு நிலச்சொந்தக்காரருக்கே உரியது என்கிறது. மாடு மேய்த்த பண்ணைகள் பல அதனால் விலங்குப் பண்ணைகளாக மாறின. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வளர்ந்த இந்தியனான எனக்கு இது பழக எளிதான ஏற்பாடாக இல்லை. நம் நாட்டில் வேட்டைக்குத் தடை விதித்தது சரி என்றே நான் உறுதியாக நினைக்கிறேன். ஆனால் இங்கே, இறைச்சிக்காக ஒரு விலங்கைக் கொல்வது சட்டப்படியும் வழக்கப்படியும் நடக்கும் நிலத்தில், அதை எதைக்கொண்டு, எவ்வளவு விரைவாகக் கொல்கிறார்கள் என்பது அந்த விலங்கின் வேதனையைப் பற்றிய கேள்வி.

பண்ணைக்காரர் எழுபதைத் தாண்டிய ஆப்பிரிக்கானர். நண்பர் அவரை 'ஊம்' என்றழைத்தார். ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் மாமா. மறுநாள் காலை தன் பெட்டகத்தைத் திறந்து மூன்று போல்ட் ஆக்ஷன் ரைபிள்களை மேசைமேல் வைத்தார். ஒன்று பழைய மவுசர் 98 போல்ட் அமைப்பில் புதிய குழலும் வால்நட் கட்டையும் பொருத்திய 7×57. அடுத்தது செக் நாட்டில் செய்த சிஇசட் 550, .375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் மேக்னம். மூன்றாவது அமெரிக்க ரெமிங்டன் 700, .300 வின்செஸ்டர் மேக்னம்.

அவர் காலிபரைப் பற்றி, அதாவது குண்டின் விட்டத்தைப் பற்றி, பேசவே இல்லை. முதலில் போல்ட்டை, தோட்டாவைக் குழலுக்குள் தள்ளிப் பூட்டும் எஃகு உருளையை, இயக்கிக் காட்டினார்.

1898-இல் ஜெர்மன் ராணுவம் ஏற்றுக்கொண்ட மவுசர் அமைப்பில், மேகசினிலிருந்து மேலெழும் தோட்டாவின் அடிவிளிம்பைப் போல்ட்டின் பக்கவாட்டில் நீளமாக ஓடும் எஃகுக் கொக்கி அந்தக் கணமே கவ்விக்கொள்கிறது. அதன்பின் தோட்டா குழலுக்குள் போனாலும் வெளியே வந்தாலும் கொக்கியின் பிடியில்தான். 1962-இல் வந்த ரெமிங்டன் 700 போன்ற மலிவான, எளிதில் செய்யக்கூடிய அமைப்பில் போல்ட் தோட்டாவை வெறுமனே முன்னால் தள்ளுகிறது. முழுதாக மூடிப் பூட்டும்போதுதான் பிடி விழுகிறது. இரண்டும் சுடும். இரண்டும் துல்லியமானவை. தள்ளும் அமைப்பில் செய்த ரைபிள்கள்தான் இலக்குப் போட்டிகளில் அதிகம் வெல்கின்றன என்றும் சொல்வார்கள்.

வேறுபாடு எங்கே தெரிகிறது என்பதை ஊம் வெடிமருந்தில்லாத வெற்றுத் தோட்டாக்களை வைத்துக் காட்டினார். ரெமிங்டனின் போல்ட்டைப் பாதிதூரம் தள்ளிவிட்டு, பயந்துபோனவன் செய்வதுபோல் வெடுக்கென்று பின்னால் இழுத்து மீண்டும் தள்ளினார். முதல் தோட்டா குழலின் வாயிலேயே நின்றுவிட, இரண்டாவது அதன் முதுகில் போய் முட்டியது. ரைபிள் இறுகிவிட்டது. அதையே மவுசரில் செய்தார். பாதியில் இழுத்த தோட்டா கொக்கியோடு பின்னால் வந்து வெளியே தெறித்தது, அடுத்தது உள்ளே போனது. இம்பாலா வேட்டையில் இந்த வேறுபாட்டுக்கு மதிப்பே கிடையாது. இரண்டாவது தோட்டாவை நிதானமாகப் போடலாம். காயம்பட்ட எருமை புதரிலிருந்து வரும்போது அதுவே உயிர். அமெரிக்கர்கள் இதை ஒரு முறை மறந்து பார்த்தார்கள். வின்செஸ்டர் 70 ரைபிள் 1936-இல் கவ்வும் கொக்கியோடு வந்து பெயர் வாங்கியது. 1964-இல் செலவைக் குறைக்கக் கொக்கியை எடுத்தார்கள். பழைய ரைபிள்களின் விலை ஏறியது; 1990-களில் கொக்கியைத் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

மவுசருக்கும் ஒரு பிடிவாதம் உண்டு. அசல் அமைப்பில் தோட்டாவை நேராகக் குழலுக்குள் போட்டுப் போல்ட்டை மூடக் கூடாது. மேகசின் வழியாகத்தான் போக வேண்டும். இல்லாவிட்டால் கொக்கி விளிம்பைத் தாண்ட முடியாமல் சேதமாகும். பழைய மவுசர் வாங்குகிறவர்களுக்கு விற்கிறவர்கள் பெரும்பாலும் சொல்லாத செய்தி இது.

பிறகு சுடும் மேடை. நூறு மீட்டர் தூரத்தில் அட்டை இலக்கு. மேசையில் மணல்மூட்டை வைத்துச் சுடுவதை ஊம் பெரிதாக மதிக்கவில்லை. காட்டில் மேசை இல்லை என்று, மூங்கில் முக்காலியில் குழலைத் தாங்கி நின்றபடி சுடச் சொன்னார். 7×57-இல் நண்பரின் மூன்று குண்டுகளும் ஒரு தோசைக்கரண்டி அகலத்துக்குள் விழுந்தன. .375-இல் முதல் குண்டு நன்றாக விழுந்தது. இரண்டாவது இடப்பக்கம் தாழ்ந்தது. மூன்றாவது அட்டையிலேயே இல்லை.

.375-இன் உதை 7×57-இன் உதையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். தோள் அதைத் தாங்கும். மூளைதான் தாங்க மறுக்கிறது. அடுத்த முறை ரைபிளை ஊம் தானே நிரப்பிக் கொடுத்தார். உள்ளே வெற்றுத் தோட்டா இருப்பது நண்பருக்குத் தெரியாது. விசையை அழுத்தியதும் 'டிக்' என்ற ஓசைதான் வந்தது. ஆனால் குழலின் முனை ஒரு கை அளவுக்குக் கீழே குனிந்து எழுந்தது. வராத உதைக்கு உடம்பு முன்கூட்டியே பதறியிருக்கிறது. விலங்கைச் சுட்டிருந்தால் குண்டு நுரையீரலுக்குப் பதில் வயிற்றில் போயிருக்கும்.

வயிற்றில் போன குண்டு என்றால் என்ன என்பதை அன்றே பார்த்தோம். எங்களுக்கு முன் வந்திருந்த வேறொரு விருந்தினர் தன் சொந்தப் பெரிய மேக்னம் ரைபிளால் ஒரு ஜெம்ஸ்பாக் மானைச் சுட்டுக் காயப்படுத்திவிட்டிருந்தார். தடம் பார்ப்பவர் செப்பெடி மொழி பேசும் நடுவயதுக்காரர். அவர் முன்னால், ஊம் .375-உடன் அவர் பின்னால், நாங்கள் தள்ளி. இளஞ்சிவப்பில் நுரைத்த இரத்தம் என்றால் நுரையீரல், விலங்கு அருகிலேயே விழுந்திருக்கும். இங்கே மணலில் கிடந்த சொட்டுகள் கருஞ்சிவப்பு, நடுநடுவே அரைத்த புல்லின் பச்சை. தடம் பார்ப்பவர் ஒரு சொட்டை விரலில் எடுத்து முகர்ந்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

மணல், கல், முள். தடம் மற்ற மான்களின் தடத்தோடு கலந்துவிடும். அவர் பின்னால் வந்து, குந்தி, ஒரு குளம்பின் உடைந்த ஓரத்தை அடையாளம் கண்டு மீண்டும் நடப்பார். அந்த விலங்கு படுத்த இடங்களைப் பார்த்தோம். ஒவ்வொரு இடத்திலும் ஒரு கறுத்த ஈரம். பகல் முழுவதும் அது எங்களைக் கேட்டு எழுந்து நடந்திருக்கிறது. வெயில் சாயும் நேரத்தில் ஒரு செக்கல்போஸ் முட்புதருக்குள் படுத்திருந்ததைக் கண்டோம். கொம்புகளைத் தாழ்த்தி எழ முயன்றது. ஊம் ஒரே குண்டில் முடித்தார். கிட்டத்தட்ட ஒரு முழு நாள் அது வயிறு கிழிந்து உயிரோடு இருந்திருக்கிறது. இரத்தம் சிந்தினால் விலங்கு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் முழு விலையையும் கொடுக்க வேண்டும் என்பது அங்கே பண்ணைகளின் வழக்கம். அந்த விருந்தினர் கொடுத்துவிட்டார். மானுக்கு அது எந்த ஈடும் அல்ல. அந்தப் பெரிய ரைபிளில் ஆற்றலுக்குக் குறைவில்லை. அதன் உதைக்கு அஞ்சிய கைதான் அந்த நாளைக் கொண்டுவந்தது.

இரவு நெருப்பைச் சுற்றி உட்கார்ந்தபோது பேச்சு 'காரமோஜோ' பெல் பக்கம் போனது. ஸ்காட்லாந்துக்காரர். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தந்தத்துக்காக ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைக் கொன்றவர். அந்தக் கணக்கை எழுதும்போது எனக்கு மனம் கூசுகிறது. ஆனால் துப்பாக்கியைப் பற்றிப் பேசுகிறவர்கள் அவரைத் தவிர்க்க முடியாது. காரணம், அந்த யானைகளில் பெரும்பகுதியை அவர் வீழ்த்தியது இதே 7 மில்லிமீட்டர் மவுசரால். யானையின் மண்டையோட்டை அறுத்துப் பார்த்து மூளை எங்கே இருக்கிறது என்று படித்தவர். முழு உலோக உறையிட்ட நீண்ட குண்டை அந்த இடத்தில் செலுத்தத் தெரிந்தவர். இங்கிலாந்தின் ரிக்பி நிறுவனம் அதே தோட்டாவுக்கு .275 ரிக்பி என்று பெயரிட்டது. 1907-இல் சம்பாவத் புலியைக் கொன்றதற்காக ஜிம் கார்பெட்டுக்குப் பரிசாகக் கிடைத்த ரைபிளும் அதுதான். நம் வாசகர்கள் கார்பெட்டின் பக்கங்களில் பார்த்த அந்த இலேசான ரைபிளும், கோலென்சோ கரையில் போயர்கள் பிடித்திருந்ததும் ஒரே தோட்டாவைச் சுட்டவை.

பெல்லைக் காட்டி யானைக்கும் எருமைக்கும் 7 மில்லிமீட்டர் போதும் என்று வாதிடுகிறவர்கள் உண்டு. அது தவறு. ஓடிவரும் எருமையிடம் மூளையைத் தேடிச் சுட நேரமில்லை. கோணம் எப்படி இருந்தாலும் எலும்பை உடைத்து உள்ளே போகும் கனமான குண்டு வேண்டும். 1912-இல் வந்த .375, சுமார் 19 கிராம் குண்டை விநாடிக்கு 770 மீட்டர் வேகத்தில் அனுப்புகிறது. ஆப்பிரிக்காவின் பல பகுதிகளில் ஆபத்தான விலங்குகளுக்கு இதுவே கீழ் எல்லை. பக்கத்து நமீபியாவில் சட்டம் ஆற்றலால் அளக்கிறது: குடு, ஜெம்ஸ்பாக், வில்டபீஸ்ட் ஆகிய மான்களுக்குக் குறைந்தது 2,700 ஜூல், எருமை, யானைக்கு 5,400 ஜூல். 7×57-இன் கனத்த குண்டு குழல் முனையில் ஏறத்தாழ 3,000 ஜூல் தரும். முதல் வரிசைக்கு அது தகுதி பெறுகிறது, இரண்டாவதை நெருங்கவே முடியாது. இந்தக் கோடு சரியான இடத்தில்தான் போடப்பட்டிருக்கிறது.

ஊம் நண்பரிடம் கேட்டது ஒரே கேள்வி. "எருமை வேட்டைக்கு எத்தனை முறை போவாய்?" அதன் விலையை இருவரும் அறிவார்கள். வாழ்நாளில் ஒரு முறை, மிஞ்சினால் இரண்டு முறை. "குடுவுக்கு?" ஒவ்வொரு குளிர்காலமும். "பிறகு ஏன் எருமைக்கான துப்பாக்கியால் ஒவ்வொரு குளிர்காலமும் குடுவைச் சுட வேண்டும்?"

அடுத்த நாள் பிற்பகல் நண்பர் 7×57-ஐ எடுத்துக்கொண்டார். தேடிப் போனது நீல வில்டபீஸ்ட்டை. அதை அந்தப் பக்கத்தில் ஏழையின் எருமை என்பார்கள். 250 கிலோ எடை, தவறான இடத்தில் பட்டால் மைல்கணக்கில் ஓடும். தடம் பார்ப்பவர் சாம்பல் நிறைந்த துணிப்பையைத் தட்டித் தட்டிக் காற்றுப் பார்த்து எங்களை வளைத்துக் கூட்டிப்போனார். எண்பது மீட்டரில் ஒரு காளை பக்கவாட்டில் நின்றது. முக்காலியை விரித்த பிறகே தோட்டாவைக் குழலுக்குள் ஏற்ற அனுமதி. ஆப்பிரிக்க மான்வகைகளுக்கு இதயம் நாம் நினைப்பதைவிடத் தாழ்வாகவும் முன்னாலும் இருக்கிறது. முன்னங்கால் கோட்டிலேயே, உடம்பின் கீழ் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் சுட வேண்டும். நண்பர் அவசரப்படவில்லை. வெடியோசைக்குப் பிறகு அவர் கை தானாகவே போல்ட்டை இயக்கி அடுத்த தோட்டாவை ஏற்றியிருந்தது. அது தேவைப்படவில்லை. காளை ஐம்பது மீட்டர் ஓடி விழுந்தது. நாங்கள் போய்ச் சேர்வதற்குள் உயிர் போயிருந்தது. அன்றிரவு அதன் ஈரலை வெங்காயத்தோடு வதக்கித் தந்தார்கள். இறைச்சி குளிர் அறைக்குப் போனது, ஒரு பங்கு தடம் பார்ப்பவர் வீட்டுக்குப் போனது.

திரும்பும் வழியில் ஒரு துப்பாக்கிக் கடையில் நண்பர் மூன்று ரைபிள்களைத் தோளில் வைத்துப் பார்த்தார். ஊம் சொல்லித்தந்த சோதனை எளியது: கண்ணை மூடிக்கொண்டு ரைபிளைத் தோளில் ஏற்றிக் கன்னத்தைக் கட்டையில் பதிக்க வேண்டும். கண்ணைத் திறக்கும்போது ஸ்கோப்பின் வட்டம் கறுப்பு விளிம்பில்லாமல் முழுதாகத் தெரிந்தால் கட்டை உடம்புக்குப் பொருந்துகிறது. கழுத்தை நீட்டவோ சுருக்கவோ வேண்டியிருந்தால் அந்த ரைபிள் எவ்வளவு அழகாக இருந்தாலும் வைத்துவிட வேண்டும். பொருந்தியது ஒன்றுதான், அதுவும் பழையது: மவுசர் 98 அமைப்பு, 7×57, 60 சென்டிமீட்டர் குழல். பதிவு செய்து, முன்பணம் கட்டினார். ஸ்கோப் ஒன்றரை முதல் ஆறு மடங்கு வரை பெருக்குவது போதும். புதர்க்காட்டில் நூற்றைம்பது மீட்டருக்கு அப்பால் யாரும் சுடுவதில்லை. எருமைக்கு நாள் வரும்போது பண்ணையின் .375-ஐ வாடகைக்கு எடுத்துப் பழகிக்கொள்வதாக ஊமிடம் சொல்லிவிட்டார்.

தென்னாப்பிரிக்காவிலோ ஆஸ்திரேலியாவிலோ கனடாவிலோ உரிமம் பெற்று வேட்டைக்குப் போகும் தமிழர்கள் இதைப் படித்தால் அவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். பெரிய ரைபிளுக்குக் கொடுக்கும் பணத்தில் பாதியைத் தோட்டாவுக்குக் கொடுங்கள். எலும்பில் பட்டுச் சிதறாத, ஈயமும் உறையும் ஒட்டிப் பிணைந்த நல்ல குண்டாகப் பார்த்து வாங்குங்கள். நின்றபடி, முக்காலியில் வைத்துச் சுடும்போது குழல் குனிகிறதா என்று வெற்றுத் தோட்டா போட்டு யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். குனிந்தால் சிறிய காலிபருக்கு இறங்குங்கள். அதன்பிறகே ஒரு உயிரின் முன் ரைபிளைத் தூக்குங்கள்.